இடது கால், குதிகால் பிரிவு

மணிமொழிக்குக் காலில் எந்தக் கோளாறும் இல்லை. அதனால்தான் அவளைச் சிகிச்சைக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவளுக்கு. அப்பா பிச்சைமுத்து கரும்பு வெட்டப் போவார், அம்மா பாப்பாத்தி களையெடுக்கப் போவாள். மகள் காவலர் தேர்வு எழுதிப் பாஸ் செய்துவிட்டாள் என்ற செய்தி வந்த அன்று இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. இனி உடல்திறன் தேர்வு மட்டும்தான் பாக்கி. நீளம் தாண்டுவதும் பந்து எறிவதும் அவளுக்குச் சுமார்தான். ஓட்டத்தை நம்பித்தான் இருந்தாள். வயது வரம்புப்படி இதுவே கடைசி வாய்ப்பு. இந்த முறை விட்டால் அவளும் அம்மாவோடு களையெடுக்கப் போக வேண்டியதுதான்.

தினமும் காலையில் முதல் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி மைதானத்துக்கு வந்துவிடுவாள். அவளைப் போலத் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் அங்கே கொஞ்சம் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் எப்போதும் மணிமொழிதான் முதல். அவளுடைய சிநேகிதி ஷாலினி, ஷேர் ஆட்டோ ஓட்டுபவரின் மகள், மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேருவாள். ஆனாலும் தேர்வுக்குக் கேட்கும் நேரத்துக்குள் வந்துவிடுவாள். இரண்டு பேருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் துருகம் சாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து 'வஜ்ரபாதம் பாத நல ஆராய்ச்சி மையம்' திறந்தார்கள். மணமகன் அறையில் குதிகால் பிரிவு. மணமகள் அறையில் விரல் பிரிவு. சாப்பாட்டுக் கூடத்தில் உள்ளங்கால் பிரிவு. மணமேடையில், நின்ற இடத்திலேயே ஓடிப் பார்க்கும் ஓடுபொறி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். ஆராய்ச்சி என்பதால் சிகிச்சை இலவசம்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் தமிழ்வேந்தன் ஒருநாள் காலை மைதானத்துக்கே வந்து முகாமைத் தொடங்கி வைத்தார். ஓடிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் பேசினார்.

"நான் முப்பது வருடமாக ஓட்டத்தை ஆராய்ந்து வருகிறேன். இதுவரை ஒருநாள்கூட ஓடியதில்லை. ஓடியிருந்தால் என் ஆராய்ச்சி ஒருதலைப்பட்சமாகப் போயிருக்கும். இந்த மாவட்டம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. ஆனால் இங்குள்ள மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தவறாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஓடுகிற எல்லோரும் எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்றுதான் பார்க்கிறார்கள். காலை யார் பார்ப்பது?"

எல்லோரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஒவ்வொருவரையும் ஓடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மையத்தின் விதிப்படி முழங்காலுக்குக் கீழேதான் படம் எடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் பரிவு வந்துவிடும், பரிவு வந்தால் துல்லியம் போய்விடும் என்று இயக்குநர் விளக்கினார். படங்களை எல்லாம் போட்டுப் பார்த்தபோது ஒரு ஜோடிக் கால் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகப் போவது தெரிந்தது. யாருடைய கால் அது என்று விசாரித்து மணிமொழியை அழைத்தார்கள்.

வலி இருக்கிறதா என்று இயக்குநர் கேட்டார். இல்லை சார் என்றாள். ஓடி முடித்த பிறகாவது? இல்லை. ராத்திரியில் படுத்திருக்கும்போது? நன்றாகத் தூங்கிவிடுவேன் சார் என்றாள். இயக்குநரின் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி, மெல்லிய குரலில் சொன்னார்.

"வலியே இல்லை. அதுதான் முதல் அறிகுறி."

மறுநாள் அவளை மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். தேர்வுக்கு முன்னால் சரிசெய்யாவிட்டால் ஓடும்போதே கால் கைவிட்டுவிடும் என்றும் சொல்லியனுப்பினார்கள். வீட்டில் வந்து சொன்னபோது பிச்சைமுத்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கிற காலுக்கு இன்னாத்துக்கும்மா வைத்தியம்?" என்று கேட்டார்.

நல்லா இருப்பதுதான் வியாதியாம் என்று அவள் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். படித்த டாக்டர்கள், காசு கேட்கவில்லை, வீடு தேடி அல்ல, மைதானம் தேடியே வந்திருக்கிறார்கள். போய்த்தான் பாரேன் என்றார்.

குதிகால் பிரிவின் தலைவர் டாக்டர் நிர்மலா அன்பானவர். மணிமொழியின் காலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, முன்பாதத்தை முதலில் ஊன்றுவதால்தான் இத்தனை சிக்கலும் என்றார். கடவுள் குதிகாலைக் கொடுத்தது அதன்மேல் இறங்கத்தான். இனிமேல் ஒவ்வோர் அடியிலும் குதிகால்தான் முதலில் தரையில் பட வேண்டும். மணிமொழி அப்படியே ஓடினாள். சில நாளில் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக ஒரு வலி வந்தது. பயந்துபோய் வந்து சொன்னாள். டாக்டர் நிர்மலாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடம் உறங்கிக் கிடந்த கால் இப்போதுதான் விழித்திருக்கிறது என்று சொல்லி, பக்கத்து அறைக்கும் போய்க் காட்டிவிட்டு வரச் சொன்னார்.

பக்கத்து அறை விரல் பிரிவு. அதன் தலைவர் டாக்டர் ஜெயப்பிரகாஷ் அவள் ஓடுவதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். குதிகாலை ஊன்று என்று எந்த முட்டாள் சொன்னது என்று கேட்டார். மேடம் சொன்னாங்க சார் என்றாள். அவர் குரலைத் தாழ்த்தி, அந்த மேடம் தனக்கு மிகவும் மரியாதைக்குரியவர் என்றும், ஆனால் ஓட்டம் என்பதே விரலில் தொடங்கி விரலில் முடிகிற விஷயம் என்றும் சொன்னார். மான் ஓடுகிறது, சிறுத்தை ஓடுகிறது, எதற்காவது குதிகால் தரையில் படுகிறதா? மணிமொழி மானையும் பார்த்ததில்லை, சிறுத்தையையும் பார்த்ததில்லை. இல்லை சார் என்றாள். விரலை ஊன்றி ஓடத் தொடங்கினாள். கெண்டைக்காலில் இன்னொரு வலி வந்தது.

இரண்டு வலியையும் எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். இது அறிவியலில் சகஜம், கருத்து வேறுபாடு இருந்தால்தான் வளர்ச்சி என்று சொல்லி, மூன்று பிரிவும் சேர்ந்த கூட்டம் ஒன்றைக் கூட்டினார். உண்மையில் இரண்டு பிரிவுதான். உள்ளங்கால் பிரிவுக்கு இன்னும் டாக்டர் வரவில்லை.

கூட்டம் மணமேடையில் நடந்தது. மணிமொழியை ஓடுபொறிமேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். டாக்டர் நிர்மலா விட்டுக்கொடுக்கவில்லை, டாக்டர் ஜெயப்பிரகாஷும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இயக்குநர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். நோயாளிக்கு இரண்டு கால் இருப்பது நல்லதாகப் போயிற்று. இடது கால் குதிகால் பிரிவுக்கு. வலது கால் விரல் பிரிவுக்கு. இடது காலில் குதிகாலும் வலது காலில் விரலும் முதலில் படும்படி அவள் ஓட வேண்டும். ஒரு பிரிவின் காலில் இன்னொரு பிரிவு தலையிடக் கூடாது.

"உள்ளங்கால் சார்?" என்று மணிமொழி கேட்டாள்.

"உள்ளங்காலைத் தரையில் படவிடாதேம்மா. அதற்குரிய மருத்துவர் இன்னும் நியமிக்கப்படவில்லை. பொறுப்பு யார் ஏற்பது?"

அடுத்த நாள் காலை மைதானத்தில் அவள் அப்படி ஓடியபோது, ரோட்டில் போன ஷேர் ஆட்டோ ஒன்று நின்றுவிட்டது. ஒரு பக்கம் இடித்து, ஒரு பக்கம் துள்ளி, நொண்டியாட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் அது இருந்தது. எப்போதும் பின்னால் வருகிற பெண்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். மணிமொழிக்கு அழுகை வந்தது. பழையபடி ஓடிவிடலாம் என்று நினைத்தாள். பழையபடி என்றால் எப்படி? எந்த இடம் முதலில் பட்டது? அவளுக்கு நினைவு வரவில்லை. அதையெல்லாம் நினைத்துக்கொண்டு அவள் ஒருநாளும் ஓடியதே இல்லை.

இதில் யாரும் எதிர்பாராதது மற்றவர்கள் செய்ததுதான். மைதானத்தில் முதலாவதாக வருகிறவளை மட்டும் டாக்டர்கள் தனியாக அழைத்துப்போய் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றால், அதில் விஷயம் இல்லாமலா இருக்கும்? இப்போது மெதுவாக ஓடினாலும் தேர்வு அன்றைக்குப் பாய்ந்துவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். ஷாலினிதான் முதலில் கேட்டாள்.

"எனக்கு மட்டும் சொல்லுடி. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

இது ஒன்றும் ரகசியம் இல்லை, எனக்கே வலிக்கிறது என்று மணிமொழி சொல்லிப் பார்த்தாள். ஷாலினி நம்பவில்லை. கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு மணிமொழிக்குப் பின்னால் ஓடி, பார்த்துப் பார்த்து, அவளாகவே கற்றுக்கொண்டாள். ஷாலினியைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். அந்த வாரக் கடைசியில் மைதானமே இடித்துத் துள்ளிக்கொண்டிருந்தது. இயக்குநர் ஒருநாள் காரில் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார் என்று சொன்னார்கள்.

அந்த ஊக்கத்தில் அவர் கல்வராயன் மலைக்கு ஓர் ஆய்வுப் பயணம் ஏற்பாடு செய்தார். மலைமேல் இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக எந்த ஆலோசனையும் இல்லாமல் ஓடுகிறார்கள். அவர்களுடைய கால் எந்த நிலையில் இருக்கிறதோ என்று அவருக்குக் கவலை. மாதிரி நோயாளியாக மணிமொழியையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறி, வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஓர் ஓடை ஓரமாக இறங்கினார்கள். ஓடையைக் கடக்க வேண்டியிருந்ததால் எல்லோரும் செருப்பையும் ஷூவையும் கழற்றி வேனிலேயே வைத்தார்கள். இயக்குநரும் சாம்பல் நிறப் பேன்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டார். வலது கணுக்காலில் அவர் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அக்கரையில் பாதை ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு கேமராவை நிறுத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு பெண் தலையில் புளி மூட்டையோடு சரிவில் ஓடி வந்தாள். பெயர் அம்மாசி. கீழே பஸ் நிற்கிறது, அதைப் பிடிக்கத்தான் ஓடி வருகிறாள். டாக்டர்கள் குறுக்கே போய் நிறுத்தினார்கள். கேமரா சரியாக ஓடவில்லை என்றும், மேலே போய் இன்னொரு தடவை ஓடி வரும்படியும் கேட்டுக்கொண்டார்கள். அவள் ஏதோ சர்க்கார் விஷயம் என்று பயந்து, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வந்தாள். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை கேட்டார்கள். அவள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஹாரன் அடித்துப் புறப்பட்டுப் போய்விட்டது. அம்மாசி மெல்ல நடந்து இறங்கி வந்தாள். ஏன் ஓடவில்லை என்று இயக்குநர் கேட்டார்.

"பஸ்ஸுக்கு ஓடினேன் சார். பஸ்ஸுதான் போயிட்ச்சே. இப்ப இன்னாத்துக்கு ஓடறது?"

நோயாளி ஒத்துழைக்க மறுக்கிறார் என்று இயக்குநர் உதவியாளரிடம் சொன்னார். அம்மாசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்து போய் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கள்ளக்குறிச்சியில் இறக்கிவிடாமல் இறங்கமாட்டேன் என்றாள். கால் வலித்துக்கொண்டிருந்த மணிமொழியும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அக்கரையில் டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். சரிவில் ஓடும்போது குதிகாலா விரலா என்று அவர்களால் முடிவு செய்ய முடியவில்லை. இயக்குநருக்குத்தான் உண்மை புலப்பட்டது. தவறு காலில் இல்லை, மலையில். சரிவு முறையாக இல்லாதபோது அதில் ஓடுபவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சரிவை அளந்து மேலிடத்துக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும் என்று சொல்லி, ஒரு டிரோனை மேலே விடச் சொன்னார். டிரோன் பாறைக்குப் பக்கமாகப் போய், பாறைக்கு அடியில் தொங்கிய தேன்கூட்டில் மோதியது.

வேன் கண்ணாடி வழியாக மணிமொழி எல்லாவற்றையும் பார்த்தாள். டாக்டர் நிர்மலா விரலை ஊன்றி ஓடினார். டாக்டர் ஜெயப்பிரகாஷ் குதிகால் தரையில் இடிக்க இடிக்க ஓடினார். இருவரையும் முந்திக்கொண்டு, முப்பது வருடத்தில் முதல் தடவையாக, இயக்குநர் ஓடி வந்தார். அவருடைய கால் எந்த முறையிலும் சேராமல் எங்கெங்கோ பட்டது. ஆனால் நல்ல வேகம். கேமராவை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் டிரைவர் போய் எடுத்து வந்தார்.

முகமெல்லாம் வீங்கிப்போய் எல்லோரும் மலையிறங்கினார்கள். அம்மாசியைச் சந்தைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். பஸ்ஸைவிட வேன் சீக்கிரம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த முகாமால் பயனடைந்தவர் அவள் ஒருத்திதான்.

தேர்வுக்குச் சில நாள் முன்னால் மண்டபத்தில் மையத்தின் விழா நடந்தது. மைதானத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மணிமொழி நன்றியுரை சொல்ல வேண்டும் என்று அவளை மேடையிலேயே உட்காரவைத்திருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் மலையில் எடுத்த படத்தைப் போட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வெறுங்கால்கள் ஓடின. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஜோடி. இயக்குநர் அதை நிறுத்தச் சொல்லி, கோலால் தொட்டுக் காட்டினார்.

"மலைவாழ் மக்களின் நிலையைப் பாருங்கள். இந்தக் கால் குதிகாலிலும் இறங்கவில்லை, விரலிலும் இறங்கவில்லை. இந்த மனிதருக்குக் கல்வி இல்லை, வழிகாட்டுதல் இல்லை. மூளைக்கும் பாதத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்து பல வருடம் ஆகியிருக்க வேண்டும். இவர் இனி என்ன வேலைக்கு லாயக்கு? இப்படிப்பட்டவர்களை வெளியே நடமாட விடுவதே ஆபத்து என்பது என் தாழ்மையான கருத்து."

கைதட்டினார்கள். பிறகு மணிமொழியை நன்றி சொல்ல அழைத்தார்கள். அவள் ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றாள். எழுதிக் கொடுத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. திரையில் இன்னும் அந்தக் கால் நின்றுகொண்டிருந்தது. மடித்த சாம்பல் நிறப் பேன்டும், கறுப்புக் கயிறும் தெளிவாகத் தெரிந்தன. சொல்லலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பாவம், அவருக்கும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா.

"சார், அது உங்க காலு சார்," என்றாள்.

இயக்குநர் திரையைப் பார்த்தார். குனிந்து, ஷூவுக்கு மேலே பேன்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். யார்மேலும் கோபப்படவில்லை. அவர் பொய்க்காரர் இல்லை. சொன்னது ஒவ்வொன்றையும் நம்பித்தான் சொன்னார்.

"ஆனால் எனக்கு வலியே இல்லையே," என்றார்.

டாக்டர் நிர்மலாவும் டாக்டர் ஜெயப்பிரகாஷும் அவருக்கு இரண்டு பக்கமும் வந்து மண்டியிட்டு, ஷூவைக் கழற்றத் தொடங்கினார்கள். அவர்கள் இருவரும் ஒத்த கருத்தோடு ஒரு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான்.

"அதுதான் சார் முதல் அறிகுறி."

அதற்குப் பிறகு மையம் முழுவதும் இயக்குநரின் சிகிச்சையில் மூழ்கிவிட்டது. இடது காலை ஒருவரும் வலது காலை ஒருவரும் எடுத்துக்கொண்டார்கள். மணமேடையைச் சுற்றி அவர் இடித்துத் துள்ளி நடப்பதை வாசலில் இருந்தே பார்க்க முடிந்தது. மணிமொழி போனபோது, இப்போது யாருக்கும் நேரம் இல்லை, தேர்வு முடிந்து வா என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு நிம்மதியும் பயமும் சேர்ந்து வந்தன.

தேர்வு அன்றைக்கு மணிமொழியும் ஷாலினியும் ஒரே வரிசையில் வந்தார்கள். விசில் ஊதினார்கள். மணிமொழியின் தலைக்குள் இரண்டு டாக்டர்களும் பேச ஆரம்பித்தார்கள். இடது குதிகால். வலது விரல். உள்ளங்கால் படக் கூடாது. வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஷாலினி மட்டும் அவளைப் போலவே இடித்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். முதல் வளைவில் அவளுக்குத் தடுமாறிவிட்டது.

"மணி, இப்ப எந்தக் காலுடி?" என்று ஓடிக்கொண்டே கேட்டாள்.

மணிமொழி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்கே தெரியவில்லை. எது இடது, எது வலது, எதில் எது பட வேண்டும் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிட்டது. அப்பா வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. "ஏதாவது ஒண்ணுல ஓடுடி," என்று கத்திவிட்டுப் பாய்ந்தாள். அதன் பிறகு கால் எங்கே பட்டது என்று அவளுக்குத் தெரியாது. எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தபோது, எப்போதும் ஓடுவதைவிட நேரம் ஜாஸ்திதான். ஆனால் கேட்ட நேரத்தைவிடக் கொஞ்சம் கம்மி.

ஷாலினி அந்த நேரத்துக்கு ஒரு மூச்சு பிந்திவிட்டாள். மையத்தின் வாசற்படியை விழா அன்றைக்குத் தவிர அவள் மிதித்ததில்லை. பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணிமொழி கையைப் பிடித்தாள். ஷாலினி கையை விலக்கவில்லை, ஜன்னலிலிருந்து திரும்பவும் இல்லை.

மற்ற எல்லாம் முடிந்து, மருத்துவப் பரிசோதனைக்கு மணிமொழியைக் கூப்பிட்டார்கள். வரிசை நீளமாக இருந்தது. டாக்டர் வயதானவர். கண், காது பார்த்தார். மூச்சை இழுத்துவிடச் சொன்னார். தரையில் நேராக நிற்கச் சொல்லி, பாதத்தை ஒரு பார்வை பார்த்தார். சரி, போகலாம் என்றார்.

மணிமொழி போகவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்வார் என்று காத்து நின்றாள்.

"இன்னாம்மா?"

"காலு சார். எந்தக் காலு சரியா இருக்குது?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டும்தான். போம்மா, பின்னாடி ஆளுங்க நிக்குது."

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்ற பிச்சைமுத்து என்ன ஆயிற்று என்று கேட்டார். ரெண்டும் சரியாம்ப்பா என்றாள். அவர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே மணிமொழி ஷாலினிக்குப் போன் செய்தாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். டாக்டர் சொன்னதை மணிமொழி அப்படியே சொன்னாள். ஷாலினி கேட்டாள்.

"உன் காலா, என் காலா?"

"நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வா," என்றாள் மணிமொழி. "நானும் வரேன். ஓடிப் பாக்கலாம்."